மறுத்தவர் கையெழுத்து

போன வாரம் தேக்கா மார்க்கெட்டில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தீர்கள். வேலையை விட்டு வந்து இத்தனை நாளான பிறகும் நான்கு பேர் சேர்ந்து கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறீர்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அந்தப் பெருமை தே தாரிக் டீ வரும்வரை நீடித்தது. தே தாரிக் வந்ததும் உங்களில் ஒருவர் கைப்பேசியைத் திறந்து புது மின்னணு பேட்ச் ஷீட்டைக் காட்டினார். பிரியாணியின் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பழைய தாள் ஷீட்டில் தயாரிப்பின் ஒவ்வொரு படிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'செய்தவர்', மற்றது 'மறுத்தவர்'. புது ஷீட்டில் இரண்டாவது கட்டம் திரையில் இடத்தை அடைக்கிறதாம். பல வருடங்களாக அதில் ஒருவரும் கையெழுத்துப் போட்டதே இல்லையாம். "நீங்க வச்சதுன்னு சொன்னாங்க மேடம். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திடலாம்னு" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அங்கேயே பதில் சொல்லியிருந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தில் கொஞ்சம் அடக்கமாக இருப்பேன் என்பதால் எழுதுகிறேன். பள்ளியில் படித்த தமிழ் மறந்து போயிருந்தால் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கட்டம் ஒரு யூரியாவால் வந்தது.

யூரியா என்றால் உரம், சிறுநீர், முகத்துக்குப் பூசும் களிம்பு. சாதுவான பொருள். நடுவில் ஒரு கார்பன், அதன் தலையில் ஓர் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் நைட்ரஜன், ஒவ்வொரு நைட்ரஜனிலும் இரண்டு ஹைட்ரஜன். நைட்ரஜன் இரண்டு இருக்கிறதே, அமோனியா போலக் காரமாக இருக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இருக்காது. நைட்ரஜனிடம் உள்ள எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அமிலத்தை ஊற்றினால்கூட புரோட்டான் போய் ஒட்டுவது ஆக்சிஜனில்தான், நைட்ரஜனில் அல்ல. அமிலம் என்றும் சொல்ல முடியாது, காரம் என்றும் சொல்ல முடியாது. எதற்கும் பிடி கொடுக்காத ஆள்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அதன் ஹைட்ரஜன். யூரியாவின் இரண்டு முனைகளையும் வளையமாகக் கட்டிய உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நைட்ரஜனுக்கு ஒரு ஹைட்ரஜன், ஆக மொத்தம் இரண்டு. இரண்டையும் பறித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை மாட்ட வேண்டும் என்பது வாடிக்கையாளர் கேட்ட வேலை. சாதாரணக் காரங்களுக்கு அந்த ஹைட்ரஜன் மசியாது. சோடியம் ஹைட்ரைடு வேண்டும். அது ஹைட்ரஜனைப் பறித்துக் கொள்ளும்போது தன்னிடம் உள்ள ஹைட்ரஜனையும் சேர்த்து வாயுவாக வெளியே விடும். அதனால் வெளியேறும் குமிழ்களைப் பார்த்தே உள்ளே எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வாயு எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஹைட்ரஜன் ஓரளவு சீக்கிரம் வந்துவிடும். அது போனதும் மூலக்கூறு எதிர்மின்னேற்றம் பெற்றுவிடுவதால் இரண்டாவதைக் கழற்றுவது இன்னும் கடினம், மெதுவாகத்தான் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நன்றாகத் தெரிந்திருந்ததுதான் அன்று வினையாகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் இதை ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தேன். ஹைட்ரைடை ஆறு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு போட்டு, குமிழ் அடங்கியதும் அடுத்த பங்கு. ஒவ்வொரு தடவையும் சொன்னபடி கேட்டது. அதையே உற்பத்தி நடக்கும் பிளான்டுக்கான ஷீட்டில் என் கைப்பட எழுதினேன்: குமிழ் நின்றதும் அடுத்த பங்கைச் சேர்க்கவும். நான் எழுதியதிலேயே மிக அழகான ஷீட் என்று அப்போது நினைத்தேன்.

பிளான்டில் அதைச் செய்தவர் அப்பாஸ் பாய். உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் வயதுதான். அவருடைய தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஜாலான் புசார் தெருவில் அண்ணனுக்கு ஒரு சின்ன ஹார்ட்வேர் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் இவர் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு ஆப்பரேட்டராக வந்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லப் பத்து வாக்கியம் வேண்டும் என்பதால் எங்கள் இருவருக்கும் எப்போதும் கொஞ்சம் உரசல்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கலவை இருக்கும் பெரிய ரியாக்டரைச் சுற்றி ஓடும் குளிர்நீர்மம் வெளியே வரும் குழாயில், காப்புறை கழன்று போன ஒரு வளைவு உண்டு. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வளைவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே ரசாயனம் நடந்தால் சூடு வரும், அந்தச் சூட்டைக் குளிர்நீர்மம் வாங்கிக்கொண்டு வெளியே வரும், குழாய் கதகதப்பாகும். கையுறை இல்லாமல் நிற்கக் கூடாது என்று நான் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாளும் கை குழாயில்தான் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஆரம்பித்து, மதியத்துக்குள் முதல் மூன்று பங்கும் போட்டாகிவிட்டது. வாயு வெளியேறும் வழியில் எண்ணெய் ஊற்றிய கண்ணாடிக் குப்பி ஒன்று வைத்திருப்போம். குமிழ் அதில்தான் தெரியும். ஒவ்வொரு பங்குக்கும் அரை மணி நேரம் குமிழ் வந்து அடங்கியது. முதல் ஹைட்ரஜன் எல்லாம் போய்விட்டது என்று கணக்கு. நான்காவது பங்கைப் போட்டதும் நாலைந்து குமிழ் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டாவது ஹைட்ரஜன் கழலத் தயங்கும், மெதுவாக வரும், அதனால் குமிழும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த வெப்பமானி அசையாமல் ஒரே எண்ணைக் காட்டியது. நல்ல கட்டுப்பாடு என்று அதற்கும் மெச்சிக்கொண்டேன். அன்று மாலைக்குள் முடித்தால் வாடிக்கையாளருக்குச் சொன்ன நாளில் சரக்கு போய்விடும், துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் வேறு. ஐந்தாவது பங்கைப் போடச் சொன்னேன்.

அப்பாஸ் பாய் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது போடக் கூடாது மேடம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். குழாய் சுடவில்லை என்றார். இரண்டாவது ஹைட்ரஜன் மெதுவாகத்தான் வரும், அதனால் சூடும் குறைவாகத்தான் இருக்கும் என்று நான் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். மெதுவாக நடந்தாலும் கொஞ்சமாவது சுட வேண்டும், இது காலையில் வந்தபோது இருந்த அதே குளிர்ச்சி, நாலாம் பங்கு வேலையே ஆரம்பிக்கவில்லை என்று படுகிறது என்றார். ஆரம்பிக்காத வேலைக்கு மேல் இன்னொரு பங்கு எதற்கு என்பது அவர் கேள்வி. நான் பதில் சொல்ல, அவர் மறுபடி மறுக்க, இருவர் குரலும் உயர்ந்தது. வந்து தொட்டுப் பாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. ஏழெட்டு முறை செய்து பார்த்தவள் நான், எனக்குக் குழாயைத் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை இல்லை என்ற திமிர்தான், வேறொன்றும் இல்லை.

இப்படி நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில் ஷீட்டில் அவருடைய கட்டத்தில் நான் என் கையெழுத்தைப் போட்டேன். முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஐந்தாவது பங்கை நானே போட்டேன். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பேனாவை மட்டும் மேசையில் வைத்துவிட்டு மறுபடி போய்க் குழாயில் கை வைத்தார்.

குப்பியில் ஒரு குமிழ்கூட வரவில்லை.

மெதுவான வேலை என்றாலும் புதிதாக ஒரு பங்கு விழுந்ததும் நாலு குமிழாவது வர வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நடந்து போய் அந்த வளைவைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. முதல் ஹைட்ரஜன் போனதும் உருவான சோடியம் உப்பு கரையாமல் தயிர் போல உறைந்துவிட்டது. என் ஒரு லிட்டர் குடுவையில் சுழலும் கலக்கி அதை உடைத்துப் போட்டிருக்கும். இந்தப் பெரிய ரியாக்டரில் கலக்கி நடுவில் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, சுற்றிலும் இருந்த கட்டி அசையவே இல்லை. வெப்பமானி அந்தக் கட்டிக்குள் புதைந்து கிடந்தது. நாலாவது பங்கும், நான் போட்ட ஐந்தாவது பங்கும் கட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. கட்டி திடீரென்று உடைந்து கலந்தால் இரண்டு பங்கின் ஹைட்ரஜனும் சூடும் ஒரே நேரத்தில் வரும்.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருந்தார். கலக்கியின் வேகத்தைக் கூட்டுங்கள், குளிரூட்டலைக் கொஞ்சம் நிறுத்தினால் கட்டி இளகும் என்றார். எந்தப் பாத்திரத்தில் கட்டி தட்டினாலும் யாரும் சொல்லக்கூடிய யோசனை அது. அரை மணி நேரத்துக்கு முன்னால் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். முடியாது என்று சொன்னேன். உள்ளே அமைதியாக இருப்பதுதான் இப்போது நம்மிடம் உள்ள ஒரே நல்ல விஷயம், அதைக் கெடுக்க மாட்டேன், வேகத்தைத் தொடவும் மாட்டேன் என்றேன். சரி, உங்கள் முடிவு என்றார்.

மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பினோம். குளிரை இன்னும் கூட்டினோம், தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் வாயுவைத் தாராளமாகத் திறந்துவிட்டோம். சேர்த்தது எதுவும் இல்லாத வெறும் கரைப்பானைக் குளிர வைத்து, ரியாக்டரின் சுவரை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இளக்குவது என்று முடிவு செய்தேன். வால்வைத் திறந்து மூட நான் ஒருத்தி போதும். அப்பாஸ் பாயிடம் போகச் சொன்னேன்.

"அப்ப பைப்ப யாரு பாக்குறது?" என்றார்.

போகவில்லை. நான் வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றேன், அவர் குழாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் விடுவேன். அவர் சுடுகிறது என்பார், மூடுவேன். ஆறிவிட்டது என்பார், திறப்பேன். ஒரு தடவை ஓரத்தில் பெரிய துண்டாகப் பெயர்ந்திருக்க வேண்டும். குப்பியில் எண்ணெய் கொதிப்பது போல எழும்பிக் கண்ணாடியை மோதித் தெறித்தது. "நிறுத்துங்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்குள் நான் மூடியிருந்தேன். என்னால் முடிந்ததெல்லாம் அவ்வளவுதான், இனி அது அடங்குவதும் அடங்காததும் அதன் இஷ்டம். மாதாவே என்று நான் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஏழெட்டு நிமிடம் கழித்து எண்ணெய் மெல்ல இறங்கியது. அவர் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. குழாய் அப்போது எவ்வளவு சுட்டிருக்கும் என்று பாருங்கள், மனிதர் கையை எடுக்கவில்லை.

மாலை ஆறரை மணிக்கு எல்லாம் அடங்கியது. பேட்ச் வீணாகிவிட்டது, அதைப் பத்திரமாக அழித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் வரும், அப்போது அழுதுவிடுங்கள்.

இத்துடன் முடிந்திருந்தால் இது உங்கள் பாதுகாப்பு வகுப்பில் சொல்லும் ஒரு கதை, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

மேலாளர் அன்று இரவே ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தார். நாலாம் பங்குக்கு எதிரே அப்பாஸ் பாய் கையெழுத்து, நேரம். ஐந்தாம் பங்குக்கு எதிரே நாற்பது நிமிடம் கழித்து என் கையெழுத்து. இடையில் என்ன நடந்தது என்று தொலைபேசியில் கேட்டார். நான் களைத்துப் போயிருந்தேன் என்பது உண்மை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அறிக்கையின் நகல் வந்தது. ஆப்பரேட்டர் ஐந்தாம் பங்கைக் குறித்த நேரத்தில் சேர்க்கத் தவறினார், அந்தத் தாமதத்தில் கலவை இறுகிவிட்டது, வேதியியலாளர் தலையிட்டு நிலைமையைச் சமாளித்தார் என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை வந்து கையெழுத்திடச் சொல்லியிருந்தார். அவர் பொய் எழுதவில்லை. ஷீட் அப்படித்தான் சொன்னது. செய்ததற்குக் கையெழுத்துப் போட அதில் இடம் இருந்தது. செய்ய மாட்டேன் என்று சொன்னவர் நாற்பது நிமிடம் அந்த இடத்தைக் காலியாக விட்டார், பிறகு அதில் விழுந்தது என் கையெழுத்து. அந்த இடைவெளியைப் பார்க்கிறவருக்கு வேலையை மறந்தவனும் வேலையை மறுத்தவனும் ஒன்றுதான்.

அந்த அறிக்கையில் குமிழ் நின்றதும் என்று நான் எழுதிய வரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைக் கவனித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமல்ல, நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று மின்னஞ்சலை மூடி வைத்தேன். நிதானமாகப் படிக்க அதில் என்ன இருந்தது, மொத்தமே ஒன்றரைப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் வாங்கத் தேக்காவுக்குப் போனேன். மாடிப்படியில் அப்பாஸ் பாய் இறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் தையல் கடைப் பை. என்னைக் கண்டதும் நின்று, பையிலிருந்து புதுச் சட்டையைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். வெளிர் நீலம், முழுக்கை. அவர் முழுக்கைச் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

"புதன்கிழமை சூப்பர்வைசர் இன்டர்வியூ மேடம். 'டீ-சர்ட்ல போவாதீங்க, அத்தா'ன்னு மக சொல்லிட்டா. கலரு ஓகேயா லா?"

நன்றாக இருக்கிறது என்றேன். அந்த நேர்காணலை நான் அடியோடு மறந்திருந்தேன். பதினேழு வருடம் ஆப்பரேட்டராக இருந்தவருக்கு முதல்முறையாகக் கிடைத்த வாய்ப்பு அது. என் கையெழுத்தோடு அந்த அறிக்கை போனால் புதன்கிழமை அவருக்கு முன்னால் அது மேசையில் இருக்கும். சூப்பர்வைசர் பதவி போகட்டும், இருக்கிற வேலை மிஞ்சுமா என்பதே சந்தேகம். அவருக்கு இதெல்லாம் தெரியாது. சட்டையை மடித்து உள்ளே வைத்தார். கிளம்பப் போனவர் தயங்கி நின்றார்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன் மேடம். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

பத்து வாக்கியம் பேசுகிறவள் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளங்கையில் மருந்து தடவிக் கட்டியிருந்தார், பையை மற்றக் கையில் பிடித்திருந்தார். மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை மேலாளர் வருவதற்கு முன் நான் அவர் அறை வாசலில் நின்றேன். அந்த நாற்பது நிமிடமும் அப்பாஸ் பாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்கவில்லை, ஐந்தாம் பங்கைப் போட்டது நான், போடச் சொல்லும் விதியை எழுதியதும் நான் என்றேன். அப்படியானால் ஷீட்டில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டார். எழுத அதில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஷீட்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, இது உங்களுக்கு எப்படிப் போய் முடியும் என்று தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். தெரிந்துதான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அறிக்கையை நானே திருத்தி எழுதினேன். அது மூன்று பக்கம் வந்தது.

துறைத்தலைவர் பதவி எனக்கு வரவில்லை. அந்த வருடமும் இல்லை, பிறகும் இல்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, கொஞ்ச நாள் பொறுத்துப் போயிற்று.

புதன்கிழமை அவர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேலதிகாரி சொன்னதை ஏன் மறுத்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்களாம். "பைப்பு சுடல" என்று மட்டும் சொன்னாராம். எதிரே இருந்த மூன்று பேரும் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள், அது வரவேயில்லை என்று மேலாளரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். வேலை கிடைத்தது.

'மறுத்தவர்' கட்டம் அதற்கு அடுத்த மாதம் ஷீட்டில் ஏறியது. காரணம் எழுத வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம், கையெழுத்துப் போதும், போட்டால் அந்தப் படி நிற்க வேண்டும். முதலில் என் ஷீட்டில் மட்டும் இருந்தது, பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதில் முதல் கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? புது சூப்பர்வைசருடையதுதான், அதுவும் என் வேலைக்கு எதிராக. ரியாக்டர் மூடியின் ரப்பர் வளையம் அவருக்குப் பிடிக்கவில்லையாம். கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டு என் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வருடத்துக்கு மூன்று நாலு தடவை என் உயிரை வாங்கினார். பாதிக்கு மேல் அவர் சொன்னது தவறாகத்தான் இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், எனக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அந்தக் கட்டத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் இனி அது தேவையில்லை என்கிறீர்கள். இருக்கலாம். இத்தனை வருடமும் நீங்கள் எழுதிய ஒவ்வொரு படியும் மறுக்க இடமில்லாமல் சரியாக இருந்திருக்கலாம். நானும் அன்று அப்படித்தான் குப்பியைப் பார்த்தேன். குமிழ் இல்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று ஐந்தாவது பங்கைக் கையில் எடுத்தேன்.

கட்டத்தை எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிளான்டுக்கு இறங்கிப் போய், ஷிப்டில் நிற்பவரிடம், நான் எழுதியதில் எதையாவது செய்ய வேண்டாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேளுங்கள். "அப்படில்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்று உடனே பதில் வரும். அதைக் கேட்டுவிட்டு மாடி ஏறி வந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள்.